முப்பத்தெட்டு வாய்களும் ஒரு நாற்காலியும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அந்தப் பல் செட் கட்டும் கடையின் முன்கூடத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். கடைக்கு உடையவரான பெரியவர். அவருடைய தம்பி சின்னவர், செய்து முடித்த பல் செட்டுகளை டாக்டர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். பெரியவரின் மகன். மகனின் மனைவி, அதாவது அந்த வீட்டு மருமகள். கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அவள் பொறுப்பு. முப்பது வருஷமாகப் பல்லுக்கு மெருகேற்றிவரும் மெக்கானிக். இந்த ஐந்து பேரும் கடைக்காரர்கள். மற்ற இருவர் அழைப்பின் பேரில் வந்தவர்கள்: கம்ப்யூட்டர் திருட்டுகளைத் துப்பறியும் அண்ணி, அவருக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்த கொழுந்தன். எட்டாவது ஆள் கிடையாது. யார் யார் இருந்தார்கள் என்பது சரியாக இருந்தால்தான் யார் என்ன செய்தார்கள் என்பதும் சரியாக இருக்கும்.

ஏழு பேரைத் தவிர அலமாரியில் இருநூறு சுண்ணாம்புத் தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன.

"இவ்வளவு பேர் சிரிக்கிற ஆபீஸை நான் பார்த்ததே இல்ல அண்ணி," என்றான் கொழுந்தன் மெதுவாக. "உயிரோட இருக்கறவங்கதான் உம்முன்னு இருக்காங்க."

உம்மென்று இருந்ததற்குக் காரணம் இருந்தது. கூடத்தில் இருந்த ஐந்து கம்ப்யூட்டர்களிலும் ஒரே சிவப்புப் பலகை. 'உங்கள் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன. சாவி எங்களிடம் இருக்கிறது. மூன்று நாளுக்குள் பணம் அனுப்பாவிட்டால் சாவியை அழித்துவிடுவோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

"வருத்தம் வேற தெரிவிச்சிருக்கான்," என்றான் கொழுந்தன். "என்கிட்ட கார் கத்துக்கிட்டவங்க சுவத்துல இடிச்சப்போகூட இவ்வளவு பணிவா பேசினதில்ல."

பதினெட்டு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன் அவன். முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் பள்ளியை மூடிவிட்டான். வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்த அண்ணி, சின்னக் கடைகளுக்குக் காவலாக இருக்கும் தொழிலைத் தொடங்கியபோது, அண்ணன் ஒரே வரியில் ஏற்பாடு செய்துவிட்டார்: "இவனையும் கூட்டிட்டுப் போ. வீட்டுல இருந்தா என் வண்டியைக் குத்தம் சொல்லிக்கிட்டே இருக்கான்."

"தம்பி, பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம்," என்றார் அண்ணி. "ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குப் பின்னாலயும் ஒரு நீல ஒயர் இருக்கும். அஞ்சையும் கழட்டிடுங்க. கரண்டை மட்டும் நிறுத்தாதீங்க."

கொழுந்தன் குனிந்து, முழங்காலைத் திட்டிக்கொண்டே ஐந்து ஒயர்களையும் கழற்றினான். அவன் நிமிர்வதற்குள் மகன் விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தான். முன்பெல்லாம் டாக்டர்கள் மெழுகில் அச்செடுத்து அனுப்புவார்கள். இப்போது ஒரு சின்னக் கேமராவை நோயாளியின் வாய்க்குள் சுற்றி, பல்லும் ஈறும் தாடையும் அளந்த படத்தைக் கம்ப்யூட்டரில் அனுப்பிவிடுகிறார்கள். கடையில் அதற்கு 'வாய்' என்றே பேர். இன்றைய தேதியில் முப்பத்தெட்டு வாய்கள் கையில் இருந்தன. முப்பத்தெட்டும் பூட்டிக்கொண்டன.

"அளவுகளுக்கு நகல் காப்பி எதுவும் எடுத்து வைக்கலையா?" என்றார் அண்ணி.

மகன் பதில் சொல்வதற்குள் சின்னவர் முன்னால் வந்தார். குட்டையான, உருண்டையான மனிதர். கோபம் வந்தால் இன்னும் உருண்டையாகத் தெரிவார். அவர் கையில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

"இதைக் கொஞ்சம் பாருங்கம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா போதும், நம்ம வேலை மொத்தத்தையும் இதுல ஏத்தி, கைப்பையில போட்டு எடுத்துட்டுப் போகுது இந்தப் பொண்ணு. நாலு வாரமா என் கண்ணால பார்க்கறேன். எவனுக்கு விக்குதோ! இன்னிக்குக் காலைல பையைத் திறந்து கையும் களவுமா எடுத்துட்டேன்."

ஒரு பெண்ணின் கைப்பையை அவள் அனுமதி இல்லாமல் திறப்பது அந்தக் குடும்பத்தில் அதுவரை நடக்காத காரியம். மருமகள் சுவரோரமாக நின்றாள். நாலடி பத்து அங்குலம் இருப்பாள். அழவில்லை, கையைப் பிசையவில்லை. காலையிலிருந்து எல்லாரும் பதறியடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள். இவள் ஒருத்திதான் எதையும் தொடவில்லை. அதுவும் சின்னவருக்கு ஒரு சாட்சி.

"உள்ள என்ன இருக்குன்னு இப்பவே எல்லாருக்கும் காட்டறேன்," என்று சின்னவர் பக்கத்துக் கம்ப்யூட்டரில் பெட்டியைச் சொருகப் போனார்.

"வேண்டாம் சின்ன மாமா! சொருகாதீங்க!"

அந்தக் கூடத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மெக்கானிக் கையிலிருந்த அரம் நழுவிக் கீழே விழுந்தது.

"கேட்டீங்களா?" என்றார் சின்னவர். "மடியில கனம் இல்லாதவங்க இப்படியா அலறுவாங்க?"

மகன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தத் திரும்பலைக் கொழுந்தன் கவனித்தான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

அண்ணி சின்னவர் கையிலிருந்து பெட்டியை வாங்கித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். "இது என்கிட்ட இருக்கட்டும்."

கூடத்தின் நடுவே உட்கார்ந்திருந்த பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். ஆறடி உயரம், எழுபது வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"இந்தக் கடைக்கு நாப்பத்தொரு வருஷம் ஆச்சும்மா. பன்னெண்டு டாக்டருங்க நம்மை நம்பி வேலை தர்றாங்க. சரியா ரெண்டு மணிக்கு பன்னெண்டு பேருக்கும் நானே போன் பண்ணுவேன். அளவெல்லாம் போயிடுச்சு, இது இன்னாரால நடந்ததுன்னு பேரைச் சொல்லுவேன். வெளியாள் மேல பழியைப் போட்டு மழுப்ப மாட்டேன். வீட்டு ஆளா இருந்தாலும் பேரை மறைக்க மாட்டேன்."

"அப்பா, அவளைப் போய்..." என்று மகன் இழுத்தான்.

"நீ சும்மா இரு. பேரைச் சொன்னதுக்கு அப்புறம் அந்த நாற்காலில அவ உட்கார வேண்டாம்."

பன்னிரண்டு டாக்டர்களுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. அந்தத் தொழிலில் அவளுக்கு இனி எங்கேயும் வேலை இல்லை. அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடப்பதும் இல்லை.

"இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கு," என்றார் அண்ணி. "அதுவரைக்கும் போனைத் தொடாதீங்க. அது போதும்."

*

மருமகளின் மேசை கூடத்தின் கோடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. அண்ணி தன் லேப்டாப்பில் கடையின் பொது மெயிலைத் திறந்து பத்து நிமிஷம் துழாவினார்.

"கெடைச்சிடுச்சு தம்பி. நேத்து திங்கட்கிழமை மத்தியானம் ஒண்ணு பத்துக்கு ஒரு புகார் மெயில் வந்திருக்கு. கூடவே ஒரு படம். அது படம் இல்ல, கிருமி. ஒண்ணு இருபத்திரண்டுக்கு இந்தக் கம்ப்யூட்டர்ல யாரோ அதைத் திறந்திருக்காங்க. அது உள்ள வந்து, கடை மூடினதுக்கு அப்புறம் மத்த நாலையும் ஒவ்வொண்ணா பூட்டியிருக்கு."

"அப்ப நாலும் எப்படி வரிசையா விழுந்துச்சு? ஒவ்வொண்ணுக்கும் தனி பாஸ்வேர்டு இருக்குமே?"

அண்ணி விரலை நீட்டிக் காட்டினார். சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கடை தொடங்கிய வருஷம், பெரிய எழுத்தில். ஐந்துக்கும் அதுதான் பாஸ்வேர்டு.

"அடேங்கப்பா! சாவியை வண்டியிலயே விட்டுட்டு, கதவையும் திறந்து வெச்சுட்டு, கண்ணாடில 'பெட்ரோல் ஃபுல்லா இருக்கு'ன்னு எழுதி ஒட்டின மாதிரி இருக்கே."

தடுப்பின் வழியாக மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "பெரியவர் உத்தரவு அது. இந்தக் கடையில ஒரு இழுப்பறைக்குக்கூடப் பூட்டு கிடையாது. போன வருஷம் இந்தப் பொண்ணு எழுந்து போறப்ப திரையைப் பூட்டிட்டுப் போச்சு. 'எங்ககிட்டயே பூட்டா?'ன்னு பெரியவர் மூணு நாள் அதோட பேசல."

"நேத்து ஒரு மணிக்கு எல்லாரும் எங்க இருந்தீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"பின்னாடி சாப்பாட்டு ரூம்லதான். ஒண்ணுலேர்ந்து ஒன்றரை வரைக்கும் எல்லாரும் ஒரே மேசையில சாப்பிடணும், அதுவும் சட்டம்."

பேச்சுக் காதில் விழுந்ததும் சின்னவர் அங்கே வந்துவிட்டார். "எல்லாரும் இருந்தோம். ஒருத்தரைத் தவிர! வாசல்ல பார்சல் வந்திருக்குன்னு இந்தப் பொண்ணு ஒண்ணே கால் மணிக்கு எழுந்து போச்சு. திரும்ப வர பத்து நிமிஷம் ஆச்சு. நீங்களே கூட்டிக் கழிச்சுப் பாருங்க!"

கூட்டிப் பார்த்தால் மருமகள் வசமாக மாட்டிக்கொள்வாள். கொழுந்தன் யோசிப்பதற்காக அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். காலை நீட்டினான். அப்புறம் நெற்றியைச் சுருக்கினான்.

"அண்ணி, என்னமோ தப்பா இருக்கு."

"என்ன?"

"எனக்கு சௌகரியமா இருக்கு."

"அது உங்களுக்கு எங்க போனாலும் இருக்கறதுதானே?"

"கிண்டல் பண்ணாதீங்க. பதினெட்டு வருஷத்துல ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். எவன் கடைசியா வண்டி ஓட்டினான்னு சீட்டு சொல்லிடும். குள்ளமான ஆள் ஓட்டின வண்டியில நான் ஏறினா என் முட்டி தாடையில இடிக்கும். நான் அஞ்சடி பதினொண்ணு. இந்தப் பொண்ணு நாலு பத்து. அவ உட்கார்ற நாற்காலில எனக்குத் தையல்காரன் அளவெடுத்த மாதிரி பொருந்துதே, எப்படி?"

அண்ணி லேப்டாப்பை மூடிவைத்தார். அவர் லேப்டாப்பை மூடினால் விஷயம் பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

"இன்னும் சொல்லுங்க."

கொழுந்தனுக்கு உற்சாகம் பற்றிக்கொண்டது. "மேசைக்கு அடியில பாருங்க. கால் வெச்சுக்கற பலகையைச் சுவரோரமா தள்ளியிருக்காங்க. சீட்டுக்கு அடுத்து எல்லாரும் சரிபண்றது கண்ணாடி. இங்க அதுக்குப் பதிலா திரை. எவ்வளவு மேல தூக்கியிருக்கு பாருங்க, அந்தப் பொண்ணு பார்த்தா வெறும் விளக்குதான் தெரியும். அப்புறம் இந்தத் தலகாணி." முதுகுக்கு வைக்கும் சின்னத் தலையணை ஒன்று மேசையின் மேல், ஓரத்துக்கு நேராக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. "உட்கார்ந்த ஆளுக்கு இது இடைஞ்சலா இருந்திருக்கு. எடுத்து வெச்சுட்டார். அதாவது, சாயாத ஆள்."

"மெக்கானிக்," என்று அண்ணி கூப்பிட்டார். "நேத்து சாப்பாட்டுக்கு அப்புறம் இந்தப் பொண்ணு இங்க வந்து உட்கார்ந்துச்சா?"

"இல்லையே. ஒன்றரைக்கே என் பக்கத்துல வந்து நின்னு மெழுகு வேலைக்குக் கை கொடுத்துச்சு. ஆறு மணிக்கு அங்கிருந்தே வீட்டுக்குப் போயிடுச்சு. இன்னிக்கு வந்தா ஒரே சிவப்பு. உட்கார ஏது நேரம்?"

"அப்ப கடைசியா உட்கார்ந்தது ஒரு நெட்டை," என்றான் கொழுந்தன்.

கடையில் நெட்டைகள் மூன்று பேர். கண்ணாடித் தடுப்பின் வழியாக அவன் பார்த்தான். மகன் நாற்காலியில் பாதி வழுக்கி, கழுத்து மட்டும் வெளியே தெரிய, துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடந்தான். தலையணை கிடைத்தால் இன்னொன்றும் கேட்கிற சாதி. மெக்கானிக் முப்பது வருஷம் பல்லின் மேல் குனிந்து குனிந்து, நிற்கும்போதே கேள்விக்குறியாக நின்றார். திரையை மேலே தூக்க அவருக்கு அவசியமே இல்லை. இறக்கித்தான் ஆக வேண்டும்.

மூன்றாமவர் கூடத்தின் நடுவே உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது போல. அவர் முதுகுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. காலையிலிருந்து அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார்.

கொழுந்தன் நாற்காலியை விட்டு எழுந்தான். "அண்ணி... நான் எதையும் பார்க்கல. வீட்டுக்குப் போயிடலாமா?"

அண்ணி கூடத்துக்குப் போயிருந்த சின்னவரைத் திரும்பக் கூப்பிட்டார். "நேத்து சாப்பாட்டு மேசையில எல்லாரும் இருந்தோம்னு சொன்னீங்களே, எத்தனை பேர்?"

"நான், என் அண்ணன் பையன், மெக்கானிக், அப்புறம் எழுந்து போன அந்தப் பொண்ணு. நாலு."

"கடையில அஞ்சு பேராச்சே?"

"அண்ணனா? அவர் பன்னெண்டரைக்கே சாப்பிட்டு முடிச்சுட்டு இந்தக் கூடத்துல உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவரைப் போய் எங்களோட சேர்த்து யாராவது எண்ணுவாங்களா?" என்றார் சின்னவர், இது கூடத் தெரியாதா என்கிற தோரணையில். சொல்லி முடித்த பிறகும் தான் சொன்னது என்னவென்று அவருக்குப் புரியவில்லை. விடுவிடுவென்று போய்விட்டார்.

"இவரை எப்படி அண்ணி கேக்கறது?" கொழுந்தன் கிசுகிசுத்தான். "நமக்குக் கூலி தரப்போறவரே அவர்தான். அதுவும் போக, அவர் முறைச்சா எனக்கு லைசென்ஸ் மறந்துபோகும்."

"கேக்க வேண்டாம். அவரே சொல்லுவார்."

"ஏன் சொல்லுவார்?"

"சொல்லாம இருக்கத் தெரியாத மனுஷர், அதனால. அவருக்கே இன்னும் தெரியல, அவ்வளவுதான்."

*

ஒன்றே கால் மணிக்கு ஏழு பேரும் மறுபடி கூடத்தில் கூடினார்கள். அன்று யாரும் சாப்பிடப் போகவில்லை. அந்தச் சட்டம் உடைந்தது அதுவே முதல் தடவை.

"கிருமியைக் கொண்டுவந்த மெயிலைப் படிக்கறேன்," என்றார் அண்ணி. "'ஐயா, நீங்கள் கட்டித் தந்த பல் செட், நான் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டாக உடைந்து எல்லார் முன்னாலும் கீழே விழுந்தது. உங்கள் குடும்பத்தின் பேரை நம்பி வந்தவன் நான். உடைந்த செட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். பாருங்கள். பார்த்து வெட்கப்படுங்கள்.'"

"என்னது?" மெக்கானிக் துள்ளினார். "என் கை பட்ட செட்டு உடையறதா? யார் அந்த ஆளு? விலாசம் கொடுங்க, நேர்ல போறேன்."

"ஆளே இல்லைங்க. உடைஞ்ச செட்டும் இல்ல. போன மாசம் இதே கடிதம் ஒரு தையல் கடைக்கு வந்துச்சு. அங்க மேடையில கால்சட்டை கிழிஞ்சது."

கொழுந்தன் சிரிப்பை அடக்க அலமாரித் தாடைகளைப் பார்த்தான். அது இன்னும் மோசமாக இருந்தது.

"இப்படி ஒரு புகார் வந்ததே எனக்குத் தெரியாதே," என்றான் மகன்.

"அதுதான் விஷயம். மெக்கானிக் இதை நேத்தே பார்த்திருந்தா நேத்தே சண்டைக்குக் கிளம்பியிருப்பார். சின்னவர் பார்த்திருந்தா சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க பார்த்திருந்தா அப்பாகிட்ட ஓடியிருப்பீங்க. உங்க மனைவி பார்த்திருந்தா எந்த நோயாளின்னு பேரைத் தேடியிருப்பாங்க, பேரே இல்லைன்னதும் மோசடின்னு கண்டுபிடிச்சிருப்பாங்க." அண்ணி யாரையும் பார்க்காமல் பேசினார். "இதைப் படிச்சு மனசு ஒடிஞ்சு, யார்கிட்டயும் மூச்சு விடாம, இது உண்மையா இருக்கக் கூடாதேன்னு உள்ளுக்குள்ளயே தவிச்ச ஒருத்தர் இருக்கார். அவர் குத்தம் பண்ணல. அவரை ஏமாத்திட்டாங்க."

மெக்கானிக் எட்டி, ஓடிக்கொண்டிருந்த மெருகு யந்திரத்தை நிறுத்தினார்.

பெரியவர் எழுந்து நின்றார்.

"நான்தான்."

"அண்ணா!" என்றார் சின்னவர்.

"நேத்து மத்தியானம் அந்தக் கம்ப்யூட்டர்ல மணி அடிச்சுது. அவசர வேலையோன்னு போய்ப் பார்த்தேன். திரை திறந்துதான் இருந்துச்சு. என் கடையில எதுதான் பூட்டியிருக்கு? நாப்பத்தொரு வருஷத்துல முதல் புகார்." அவர் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பது போலப் பேசினார். "படத்தை அமுக்கினேன். ஒண்ணும் வரல. நாலு தடவை அமுக்கினேன். வரல. வராததனால ஒண்ணும் நடக்கலைன்னு நினைச்சேன். ராத்திரி பூரா அது எந்த நோயாளின்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்குக் காலைல சிவப்பா நின்னப்போ, ரெண்டையும் நான் சேர்த்துப் பார்க்கல."

திருடன் ஒரு தடவை தட்டினான், நாம் நாலு தடவை வாங்க வாங்க என்றோம் என்று ஒரு வசனம் கொழுந்தனின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவன் அதை விழுங்கிவிட்டான். அவன் வாழ்க்கையில் அப்படி விழுங்கியவை மிகவும் குறைவு.

அண்ணி மருமகளிடம் திரும்பினார். "உனக்குத் தெரியும், இல்லையாம்மா?"

"நேத்து நான் வாசல்ல பார்சலைச் சரிபார்த்து வாங்கிக்கிட்டிருந்தேன், உள்ள பார்க்கல. காலைல தலகாணி மேசை மேல இருந்ததைப் பார்த்தப்பவே தெரியும்," என்றாள் அவள். "இங்க மாமா ஒருத்தர்தான் எதை எடுத்தாலும் ஓரத்துக்கு நேரா வைப்பாங்க."

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டு நின்னே?" என்றான் மகன்.

"நீங்க எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையில நான் அதைச் சொல்லியிருந்தா, தப்பிக்கறதுக்காக மாமா மேல பழி போடறேன்னு ஆகியிருக்கும். அதான் இவங்களைக் கூப்பிடச் சொல்லி உங்ககிட்ட கெஞ்சினேன்."

மகன் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

அண்ணி பைக்குள்ளிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்தார். "இதுல என்னம்மா இருக்கு?"

"காலைலேர்ந்து இதை என்கிட்ட கேட்ட முதல் ஆள் நீங்கதான். எல்லாரும் 'எவனுக்கு வித்தே?'ன்னுதான் கேட்டாங்க." அவள் பெட்டியை விரலால் தொட்டுக் காட்டினாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வந்த வாய் எல்லாம் அதுல இருக்கு. முப்பத்தஞ்சு."

"அப்ப சொருகாதேன்னு கத்தினது?" என்று சின்னவர் கேட்டார். அவருடைய உருண்டை கொஞ்சம் சுருங்கியிருந்தது.

"கிருமி இருக்கற கம்ப்யூட்டர்ல சொருகினா இதையும் பூட்டியிருக்கும் சின்ன மாமா. நமக்கு இருக்கறதே இது ஒண்ணுதான்."

சின்னவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு விரல்கடை தூரத்தில் முப்பத்தைந்து வாய்களை அந்தக் கை கொன்றிருக்கும். அதைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"கடையை விட்டு ஒண்ணும் வெளிய போகக் கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேன்," என்றார் பெரியவர்.

"சொன்னீங்க மாமா. நான் கேக்கல. காப்பி கடையிலயே இருந்தா, கடைக்கு ஒண்ணுன்னா அதுவும் சேர்ந்து போயிடும். உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது தடவை கேக்க தைரியம் வரல. எடுத்துட்டுப் போனேன்."

அண்ணி தன் லேப்டாப்பின் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு, பெட்டியை அதில் சொருகினார். ஏழு பேரும் திரையைச் சுற்றி நின்றார்கள். திரையில் ஒரு தாடை மெதுவாக எழுந்து சுழன்றது.

"தபால்காரர்!" என்று மெக்கானிக் கத்தினார். "அதே கோணல்! கீழ்வரிசையைப் பாருங்க, எனக்குத் தெரியாதா!"

"அடுத்த வாயைக் காட்டுங்க அண்ணி," என்றான் கொழுந்தன். "யாரையாவது பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டு எனக்கு ரொம்ப நாளாச்சு."

முப்பத்தைந்தும் இருந்தன. திங்கட்கிழமை வந்த மூன்றை மட்டும் டாக்டர்கள் மறுபடி எடுத்து அனுப்ப வேண்டும். ஐந்து கம்ப்யூட்டர்களையும் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக ஏற்ற இரண்டு நாள் ஆகும் என்றார் அண்ணி. அதற்கு முன்னால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, சுவத்துல எழுதாம. எழுந்து போனா திரையைப் பூட்டணும். தினம் சாயங்காலம் காப்பி எடுக்கணும், ஒண்ணு எப்பவும் கடைக்கு வெளிய இருக்கணும். புகார் வந்தா, கூட வர்ற படத்தைத் தொடாம, நமக்குப் பழகின நம்பர்ல அந்த டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுக்கணும்."

"குடும்பத்துக்குள்ள பூட்டா?" என்றார் பெரியவர். பழக்க தோஷம். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

"உங்க வீட்டு ஆளுங்களைத் தடுக்கறதுக்கு இல்லைங்க. நேத்து அந்த நாற்காலில நீங்க உட்கார்ந்தீங்க, பழி அவ பேர்ல விழுந்துச்சு. பூட்டு இருந்திருந்தா அவங்கவங்க செஞ்சது அவங்கவங்க பேர்ல இருந்திருக்கும். பேர் முக்கியம்னு சொல்றவர் நீங்க."

பெரியவர் சுவரிடம் போய், அந்தக் காகிதத்தைத் தன் கையாலேயே கிழித்தெடுத்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மணி அடித்தது. அவர் போனை எடுத்தார்.

"இன்னிக்கு வேண்டாமே அப்பா," என்றான் மகன். "எல்லாம்தான் திரும்பக் கிடைச்சிடுச்சே. மூணு பேருக்கு மட்டும் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம்."

"ரெண்டு மணின்னு சொன்னேன்."

பன்னிரண்டு டாக்டர்களுக்கும் ஒருவர் விடாமல் பேசினார். நின்றபடியே பேசினார். ஒவ்வொருவரிடமும் சொன்னது ஒரே வாசகம்: "எங்க கம்ப்யூட்டர்ல திருடன் புகுந்துட்டான் டாக்டர். கதவைத் திறந்துவிட்டது நான். பெரும்பாலானதைக் காப்பாத்திக் கொடுத்தது என் மருமக." மூன்றாவது டாக்டர் ஏதோ ஆறுதல் சொன்னார் போலிருக்கிறது. "ஆறுதல் இருக்கட்டும், அந்த நோயாளியை நாளைக்குத் திரும்ப வரச் சொல்லுங்க," என்று பெரியவர் வைத்துவிட்டார். ஏழாவது போனின்போது மருமகள் தன் மேசைக்குப் போய் நாற்காலியை இறக்கி, கால்பலகையை இழுத்துப் போட்டு, உட்கார்ந்தாள்.

காரில் ஏறியதும் கொழுந்தன் பழக்கத்தில் சீட்டைச் சரிசெய்தான். "அண்ணி, துப்பு கண்டுபிடிச்சது நான்தானே? அண்ணன்கிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன். உங்களுக்கு சௌகரியமா இருந்ததனால ஒரு கேஸ் முடிஞ்சதுன்னு."

அந்தக் கடையைப் பற்றிக் கடைவீதியில் இன்றும் ஒரு பேச்சு உலவுகிறது. திருடர்களுக்குப் பணம் கொடுத்துத்தான் அளவுகள் மீண்டன என்றும், சொல் கேளாமல் பெட்டியை எடுத்துப் போனதற்காக மருமகள் மன்னிப்புக் கேட்டாள், பெரியவர் பெரிய மனது பண்ணி மன்னித்தார் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் பொய். திருடர்களுக்கு ஒரு காசும் போகவில்லை. மன்னிப்புக் கேட்டவர் பெரியவர். கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.